சாமிக்கு விட்ட சொட்டு

1

“சாமிக்குக் குடுத்துட்டோம்னு சொல்றீங்களே, அப்புறம் ஏன் அது இங்கயே இருக்குது?”

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் இட்லிப் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அபி என்ற ஆறு வயதுப் பெண் தன் அப்பாவிடம் இப்படிக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, “வாய மூடிக்கினு சாப்பிடு” என்றார். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக்கூடாது என்பதால் கேள்வியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். இந்தக் கதை அதிலிருந்து வந்ததுதான். அபி இதில் வரமாட்டாள். அவள் வேலை கேட்பதோடு முடிந்தது.

2

முதல் வரிக்கு எழுதிப் பார்த்தவை:

“தாவர உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்வதற்கான சான்று பெற விரும்பும் விண்ணப்பதாரர் முதலில்...”

இது அரசாங்க அறிவிப்பு. இரண்டாவது வரிக்கு நீங்கள் வரமாட்டீர்கள்.

“ஏனாத்தூர்ச் சாலையில் மிளகு வறுபடும் வாசனை எழுந்தபோது கீழ்வானம் ஒரு பட்டுச் சேலையைப் போல...”

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதினால் வானத்துக்குச் சேலை கட்டுவதில்லை என்று எனக்கு ஒரு விரதம். இதையும் விட்டுவிட்டேன்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். முசரவாக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த சத்யப்ரியா, ஏனாத்தூர்ச் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் இட்லி மாவுக் கலவை தயாரிக்கிறாள். காஞ்சிபுரம் இட்லிதான். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, கறிவேப்பிலை, பெருங்காயம். நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய். தண்ணீர் விட்டுக் கலக்கிப் புளிக்க வைத்து அவித்தால் போதும்.

“நெய் இல்லாத காஞ்சிபுரம் இட்லியா? அடுத்தது ஜரிகை இல்லாத முகூர்த்தப் பட்டு விக்கப் போறியா?” என்று தெருவில் பாதிப் பேர் கேலி செய்தார்கள். “ஜரிகை குத்துதுன்றவங்களும் ஏதாச்சும் கட்டிக்கினு போவணும் இல்லப்பா” என்பாள் அவள்.

குத்துகிறது என்று சொன்னவர் நெதர்லாந்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பாலும் பால் பொருளும் அறவே தொடாதவர்களுக்காக அவர் நடத்தும் கடை அது. கலவை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: விலங்கிலிருந்து வந்த எதுவும் இதில் இல்லை என்ற அரசாங்கச் சான்று. அது வந்தால் வருஷம் முழுக்க அவர் வாங்குவார். வராவிட்டால் அந்தக் கொட்டகை தைப் பொங்கலைத் தாண்டாது. சத்யப்ரியாவுக்கு இது தெரியும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும்.*

* சான்று வாங்கும் வழிமுறை முழுவதையும் இங்கே எழுதியிருந்தேன். உரிமம், மூலப்பொருள் வாங்கிய ரசீதுகள், அறைகளின் வரைபடம், ஆய்வகச் சோதனை, அதிகாரி வருகை. படித்த நண்பர் கொட்டாவி விட்டார். எடுத்துவிட்டேன். ஆய்வகச் சோதனையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

கண்ணாயிரத்தை என்ன செய்வது என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

அவர் கல்யாணச் சமையல்காரராக இருந்தவர். பெரிய வாணலியும் பெரிய குரலும். சத்யப்ரியாவின் கொட்டகையில் வறுக்கும் வேலை அவருடையது. முதல் வரைவில் அவரைப் பொல்லாதவராக எழுதினேன். நெய் இல்லாத இட்லி அவருக்கு அவமானம், அதனால் வேண்டுமென்றே... (இந்த வாக்கியத்தை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். எழுதும்போதே அவர் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.) அப்படிப்பட்டவர் இல்லை அவர். மிளகு கருகினால் மிளகிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள்.

அவருக்கு உதவியாக வறுக்கும் அறையில் இருப்பவள் மரியம்மாள். இவள் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். மரியம்மாள் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை என்றதும் அதை விட்டுவிட்டு இங்கே வந்தாள். காலையில் ஃப்ளாஸ்க் நிறையப் பால் டீ கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றுவாள். பாக்கெட் போடும் திரிஷாவுக்கு மட்டும் இரண்டு தடவை.

4

சோதனை முடிவு வந்தது. கலவையில் பால் புரதத்தின் தடயம் இருக்கிறது என்றது ஆய்வகம். மிகக் குறைவு. ஆனால் இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தால் இன்னொரு முறை சோதிப்பார்கள்.

சத்யப்ரியா எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டாள். பால், தயிர், வெண்ணெய், நெய், யாராவது எதையாவது சேர்த்தீர்களா? கண்ணாயிரம் எழுந்து நின்றார்.

“பெருமாள் மேல ஆணையா சொல்றேம்மா. இந்தக் கையால ஒரு பால் சாமானும் சேக்கல.”

அவர் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவரும் நம்பினார், அவளும் நம்பினாள்.

அப்புறம் மிஞ்சியது ஃப்ளாஸ்க். பால் டீ வறுக்கும் அறை வரைக்கும் போகிறதே என்று அவளுக்குத் தோன்றியது. சான்று போய்விடுமோ என்ற பயத்தில் தோன்றியதை அவள் இரண்டாவது முறை யோசிக்கவில்லை. மரியம்மாளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வெளியில் லேபிள் ஒட்டும்படி சொன்னாள். ஃப்ளாஸ்க்கை வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வரும்படியும் சொன்னாள். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னாள்.

மரியம்மாள் தலையாட்டிவிட்டுப் போய் ஃப்ளாஸ்க்கைக் கேட்டுக்கு வெளியே வைத்தாள். தங்கள் பாத்திரம் வாசலுக்கு வெளியே இருந்த காலத்தைப் பற்றி அவள் வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறாள். சத்யப்ரியா வீட்டில் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

(இந்த இடத்தில் சத்யப்ரியா மேல் எனக்குக் கோபம் வந்து எழுதுவதை நிறுத்தினேன். விளக்கேற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். பயந்தவர்கள் மேல் ரொம்ப நேரம் கோபமாக இருக்க என்னால் முடிவதில்லை.)

5

மறுநாள் காலை கண்ணாயிரம் அடுப்பைப் பற்றவைத்தார். வாணலி காய்ந்தது. உதவிக்கு ஆள் இல்லாததால் சத்யப்ரியாவே பக்கத்தில் நின்றாள்.

இனி ஒன்று சொல்ல வேண்டும். கலவையில் இருப்பதையெல்லாம் இரண்டாம் பகுதியில் வரிசையாகச் சொன்னேன் அல்லவா? ஒன்றைச் சொல்லவில்லை. அவர்கள் அதைப் பொருளாக நினைக்கவில்லை, நானும் அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வறுக்கும் அறைச் சுவரில் பெருமாள் படம் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு பித்தளைக் கிண்ணம். தினமும் வாணலி காய்ந்ததும், மிளகு போடுவதற்கு முன்னால், முதல் சொட்டு சாமிக்கு. கல்யாணச் சமையல் காலத்திலிருந்து கண்ணாயிரத்தின் வழக்கம் அது. கிண்ணத்தை மரியம்மாள் எடுத்து நீட்டுவாள். அவர் கரண்டி நுனியால் தொட்டு, முணுமுணுத்துக்கொண்டே வாணலியில் ஒரு சொட்டு விடுவார். சொய்யென்று புகை எழும்பும். வாசலில் நிற்கும் சத்யப்ரியா கை கூப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த வாசனைதான் அவளுக்குக் காலை.

இன்று கிண்ணம் அவள் கையில் இருந்தது. கிண்ணத்தைப் பிடித்த கையால் கும்பிட முடியவில்லை. கை கூப்பாமல் அவளுக்குக் கண் மூடிப் பழக்கமில்லை. கண் திறந்தே இருந்தது. கரண்டி கிண்ணத்துக்குள் போனதையும், மஞ்சளாக ஒரு சொட்டு அதன் நுனியில் தொங்கியதையும், அது வாணலியில் விழுந்ததையும் பார்த்தாள்.

“ஐயா,” என்றாள். “இது நெய்யி.”

“நெய் இல்லமா. இது சாமிக்கு” என்றார் கண்ணாயிரம். சொல்லிவிட்டு வாணலியைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துகொண்டு, “நெய்தான்” என்றார்.

பெருமாள் மேல் சத்தியம் செய்துவிட்டோமே என்பதுதான் அவர் முதலில் சொன்னது. வேலையை விட்டுவிடுகிறேன் என்பது இரண்டாவது. சத்யப்ரியா இரண்டையும் காதில் வாங்கவில்லை. தினமும் அந்த நெய் வாசனையில் நின்று கும்பிட்டவள் அவள். அந்தச் சொட்டைச் சாமியிடம் கொடுத்துவிட்டதாகவே நினைத்திருந்தாள். கொடுத்தது மிளகோடு சேர்ந்து பாக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் அந்த நெய் கொட்டகைக்கு வெளியே பிள்ளையார் மாடத்து விளக்குக்குப் போகட்டும், வாணலியும் கரண்டியும் புதிதாக வரட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

6

மரியம்மாள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்களுக்குத் தெரியும் இல்ல?”

கையில் இருந்த பாக்கெட்டை ஒட்டி முடித்துவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள்.

“தெரியும்மா.”

“ஏன்க்கா சொல்லல?”

“நீ கண்ண மூடிக்கினு கும்புட்டுக்கினு இருப்ப. அவரு ஒதடு மந்திரம் சொல்லிக்கினு இருக்கும். நடுவுல பூந்து நான் அது நெய்யின்னு சொல்றதா? நாங்க முட்டி போட்டு ஜெபம் பண்ணச்சொல்ல ஒருத்தர் வந்து, மெழுகுவத்தி எந்தக் கடையில வாங்கினன்னு கேட்டா எப்படி இருக்கும்?”

“பழி உங்க மேல வந்துச்சே.”

“எம்மேல வந்தா வெளிய ஒக்காந்து லேபிள் ஒட்டுவேன். அவரு மேல வந்தா எந்த மூஞ்ச வெச்சிக்கினு சாமி முன்னால நிப்பாரு அந்த மனுசன்? நீயா பாப்பன்னு இருந்தேன்.” அடுத்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டே, “ஃப்ளாஸ்க்கத்தான் நேத்து நாய் உருட்டிடுச்சு. அதுக்கும் பால் டீதான் புடிக்குதாம்” என்றாள்.

திரிஷா சிரித்தாள். சத்யப்ரியாவுக்குச் சிரிக்க வரவில்லை. கேட்டுக்கு வெளியே போய் ஃப்ளாஸ்க்கை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்தாள். வறுக்கும் அறையிலிருந்து தள்ளி ஒரு அலமாரி போட்டு, எல்லோருடைய சாப்பாடும் டீயும் இனி அதில்தான் என்றாள். முதலில் தன் டிபன் பாக்ஸை அதில் வைத்தாள். பக்கத்தில் ஃப்ளாஸ்க்கை வைத்தாள்.

(இங்கே “கருணைக்குச் சான்றிதழ் தேவையில்லை” என்று ஒரு வரி எழுதினேன். அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்று நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மரியம்மாள் பழியைத் தாங்கியது கண்ணாயிரத்துக்காக, சத்யப்ரியாவுக்காக இல்லை. இருந்தாலும் சத்யப்ரியா அவளுக்குக் கடன்பட்டுவிட்டாள். ஃப்ளாஸ்க்கைத் துடைப்பதால் அது தீராது.

7

சான்று விஷயமாக சத்யப்ரியாவுக்கு உதவி செய்துவந்தவன் யுவன். சென்னையில் இருக்கிறான். நல்ல பையன், வேகமாகப் பேசுவான். நடந்ததையெல்லாம் போனில் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னான்.

“மேடம், காரணம்ற எடத்துல ஒர்க்கர் மிஸ்டேக்னு போட்டுடுங்க. மில்க் டீ உள்ள கொண்டாந்தாங்க, நிறுத்திட்டோம்னு. ஒரே நாள்ல க்ளோஸ் பண்ணிடுவாங்க. ஓனரே தினமும் நின்னு பாத்தாங்கன்னு போட்டீங்கன்னா, முதல்லருந்து எல்லாத்தையும் தோண்டுவாங்க. அந்த நெதர்லாந்து ஆளு அவ்ளோ நாள் வெயிட் பண்ணமாட்டாரு.”

“ஒர்க்கர் பேரு போடணுமா?”

“போடணும் மேடம். பேரு தான, யாரு பாக்கப் போறா?”

அவன் சொன்னது சரிதான். யாரும் பார்க்கப் போவதில்லை. மரியம்மாளுக்குத் தெரியவே போவதில்லை. தெரிந்தாலும் தலையாட்டிவிட்டுப் போவாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சத்யப்ரியா மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். “ஒர்க்கர்” என்ற சொல்லைத் தட்டினாள். அடுத்தது பெயர். ம, ரி என்று இரண்டெழுத்து வந்தது. கை நின்றது.

இந்த இடத்துக்கு நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தகரக் கூரை மேல் கோயில் மணி கேட்கிறது. ஒன்றில் மரியம்மாள் எதேச்சையாக உள்ளே வருகிறாள். இன்னொன்றில் சத்யப்ரியாவுக்கு அம்மா ஞாபகம் வருகிறது. மூன்றும் வேண்டாம். மணி அடித்துத்தான் ஒருத்தி நல்லவளாக வேண்டும் என்றால் அந்த நன்மை மணியுடையது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் அழித்தாள். ஆங்கிலத்தில் அவள் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

“வறுக்கும் அறையில் தினமும் வழிபாட்டின்போது வாணலியில் ஒரு சொட்டு நெய் விடப்பட்டது. என் அனுமதியோடு, என் கண்முன்னே நடந்தது. நெய் என்று தெரிந்தும் நான் அதைச் சேர்க்கும் பொருளாக எண்ணவில்லை. இதற்கு முன் தயாரித்த எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பொறுப்பு என்னுடையது. தொழிலாளர் யாருக்கும் இதில் பங்கில்லை.”

கீழே தன் பெயரை எழுதி அனுப்பினாள். திரையை அணைத்தாள்.

சாப்பிடுகிற இடத்துக்குப் போனபோது மரியம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். இவ்வளவு நேரம் என்னக்கா பண்ணீங்க என்று திரிஷா கேட்டாள். ஒண்ணுமில்லப்பா என்று சொல்லிவிட்டு சத்யப்ரியா டிபன் பாக்ஸைத் திறந்தாள். மரியம்மாள் தன் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பை அவள் சோற்றில் ஊற்றினாள்.

8

சான்று வந்ததா?

வந்தது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பெட்டிகள் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன, கண்ணாயிரம் லாரி டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறார். வரத் தாமதமாகி, கடைக்காரர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார் என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. அதில் கொட்டகையை மூடும் நாளன்றும் மரியம்மாள் எல்லோருக்கும் டீ ஊற்றுகிறாள். நல்லவர்களுக்கு நல்லது நடக்கும் என்று நம்புகிறவன் நான். ஆனால் எத்தனை நாளில் நடக்கும் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. இரண்டு பக்கத்தில் எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கவலை வேறு. யாரும் பார்க்காத நேரத்தில் சத்யப்ரியா தீர்த்த கடன் அது. நான் எழுதிவிட்டேன், நீங்கள் படித்துவிட்டீர்கள். இனி அது யாரும் பார்க்காதது இல்லை. இதற்கு எனக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். ஏனாத்தூர்ச் சாலைப் பக்கம் போக நேர்ந்தால், டீ கொடுப்பாள், குடித்துவிட்டு வாருங்கள். மரியம்மாளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.