எதெல்லாம் எரியும்

பேருந்து நிலையத்திலேயே ஸ்பிரிட் பாட்டில் பறிபோய்விட்டது. பைகளைச் சோதித்த நடத்துநர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இத ஏத்திட்டு வண்டி கிளம்பாது. ஒண்ணு நீங்க இறங்குங்க, இல்ல இது இறங்கட்டும்" என்றார். பாட்டில் இறங்கியது.

அதைக் கொண்டுவந்தவள் ஒரு வீட்டின் இளைய மருமகள். செயற்கைப் பல் செய்கிறவள். அவள் வேலை மேசையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதில் சின்னக் கத்தியைச் சூடாக்கி, மெழுகில் பல்வரிசையைச் செதுக்குவாள். கூட வந்தவள் அதே வீட்டின் மூத்த மருமகள். காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளை மதிப்பிடுகிறவள். வீடோ கடையோ எரிந்துபோனால், சாம்பல் ஆறிய பிறகு போய் நின்று, நெருப்பு எந்த மூலையில் எப்படித் தொடங்கியது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பாட்டில் இறங்கியதில் அவளுக்கு உள்ளூர நிம்மதி. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மலையைத் தாண்டி நடக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் அண்ணன் தம்பி இருவரும்தான். கிளம்புவதற்கு முன்பு அண்ணன் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். தம்பி, அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சொல்லித் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டான். "அப்போ நாம மட்டும் போலாமாக்கா?" என்று இளையவள் சும்மா வாய்வார்த்தைக்குத்தான் கேட்டாள். "போலாமே" என்று மூத்தவள் சொன்னதும் இரண்டு பேருக்குமே தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும், விசேஷ வீடுகளில் பார்த்துச் சிரித்து, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்ததைத் தாண்டி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மலையடிவாரத்து ஊரில் மாலையில் இறங்கி ஒரு விடுதியில் தங்கினார்கள். அங்கிருந்து ஒரு பகல் ஏறினால் கல்லால் கட்டிய தங்குமிடம் ஒன்று வரும். அங்கே கூரையும் தண்ணீரும் மட்டும்தான், அடுப்பு கிடையாது. மறுநாள் கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். இளையவளிடம் உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை அடுப்பு ஒன்று இருந்தது. ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் இரண்டு பேருக்குத் தேநீரும் சூப்பும் ஆகிவிடும். ஊற்றுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மருந்துக்கடைக்குப் போனார்கள்.

"ஸ்பிரிட் தீர்ந்துபோச்சு. அடுத்த வாரம்தான் வரும்" என்றாள் கடைக்காரப் பெண். "கையில தேய்க்கிற கிருமிநாசினி ஜெல் இருக்கு."

"அது எரியுமா?" என்று கேட்டாள் இளையவள்.

கடைக்காரப் பெண் பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். "எரியும், தீக்கிட்ட கொண்டுபோகாதீங்கன்னு போட்டிருக்கு."

"அப்ப குடுங்க."

அடுத்தது பெயின்ட் கடை. தின்னர் டப்பாவை இளையவள் கையில் எடுத்ததுமே மூத்தவள் அதை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தாள். "இந்தப் புகை நெஞ்சுக்குள்ள போனா அடுத்தநாள் மலை ஏறவே வேணாம்." பெட்ரோல் நிலையத்தைப் பார்த்ததும் இளையவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது. "திறந்த அடுப்புல பெட்ரோல் ஊத்தினா மூஞ்சி மிஞ்சாது. ஊத்தினவங்க வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கேன்."

"நான் ஒண்ணுமே கேட்கலையேக்கா."

"உன் கண்ணு கேட்டுச்சு."

விடுதிக்காரர் வழுக்கைத் தலையும் மெல்லிய குரலுமாக இருந்தார். சோதித்துப் பார்க்க இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதும் முதலில் முகம் சுளித்தார். பிறகு, துணி காயப்போடும் பின்முற்றத்தைக் காட்டினார். சிமெண்டுத் தரை, சுற்றிலும் சுவர். மூத்தவள் கொடியில் தொங்கிய போர்வைகளை எடுக்கச் சொன்னாள். ஒரு வாளி நிறையத் தண்ணீரும், ஒரு பழைய தட்டு நிறைய மணலும் கேட்டு வாங்கி வைத்தாள். "ரொம்பப் பண்றீங்களேக்கா" என்று இளையவள் சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

ஒவ்வொரு தடவையும் அதே குவளை, அதே அளவு தண்ணீர். முதலில் ஜெல். அது பற்றியதா இல்லையா என்றே தெரியாதபடி எரிந்தது. குவளைக்கு அடியில் கையை நீட்டினால் மட்டும் சுட்டது. தண்ணீர் ஆற அமரச் சூடானது. அடுப்பின் அடியில் பசை மாதிரி ஏதோ மிச்சம் நின்றது. அடுத்து, இளையவளின் பையிலிருந்த நகப்பூச்சு அழிக்கும் திரவம். அது மஞ்சளாக எழும்பிக் குவளையையே விழுங்கியது. பிறகு வந்த வேகத்தில் அணைந்தது. சமையல் எண்ணெயில் தீக்குச்சி முங்கிச் செத்தது. பஞ்சைத் திரித்து நட்டதும் ஒரு சின்னச் சுடர் நின்றது.

"இதுல தேநீர் போட்டா அடுத்த வாரம் குடிக்கலாம்" என்றாள் இளையவள்.

கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த விடுதிக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. உள்ளே போய், உருகி மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளையும் ஒரு முட்டை அட்டையையும் கொண்டுவந்தார். "இது ஆகுமா பாருங்க. சும்மாதான் கேட்கிறேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் மூத்தவள் சுவரை விட்டு நகர்ந்தாள். மெழுகை உருக்கி அட்டைக் குழிகளில் ஊற்றினால் திரி தேவையில்லை, அட்டையே திரியாகிவிடும் என்றாள். "அணைக்கும்போது மட்டும் தண்ணி ஊத்தக்கூடாது. எரியற மெழுகுல தண்ணி பட்டா குப்புன்னு ஆளுயரத்துக்கு எழும்பும். தட்டு வச்சு மூடணும்." அவள் சொன்ன மாதிரியே ஒரு குழி எரிந்தது. கரிப்புகைதான், ஆனால் விடாப்பிடியான நெருப்பு. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மூத்தவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். எரிந்து முடிந்த இடங்களை மட்டுமே பார்த்துப் பழகிய அவளுக்கு, இப்படி ஒவ்வொன்றும் எப்படிப் பிடிக்கிறது, எந்த நிறத்தில் எரிகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இதுவே முதல் தடவை.

"அந்த ஜெல்ல இன்னொரு தடவை பாப்போம்" என்றாள். "அப்ப குவளைய மூடாம விட்டுட்டோம். மூடினா சீக்கிரம் கொதிக்குமோ என்னவோ."

இளையவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்களாக்கா பேசறது?"

ஜெல்லை ஊற்றிப் பற்றவைத்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில், லேசாகத் தெரிந்த நீலச் சுடரும் மங்கி மறைந்தது. "அணைஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே மூத்தவள் குவளையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பாட்டிலை எடுத்து மறுபடியும் ஊற்றக் குனிந்தாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த முட்டை அட்டையின் விளிம்பு தன்னால் கறுத்துச் சுருண்டது. பக்கத்தில் தீ எதுவும் தெரியவில்லை. இளையவள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, ஊத்தாதீங்க!"

அதற்குள் ஜெல் விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நெருப்பு அந்த ஒழுக்கிலேயே ஏறிப் பாட்டில் வாயைப் பிடித்தது. மூத்தவள் பாட்டிலைக் கீழே போட்டாள். கையில் எதுவும் தெரியவில்லை, ஆனால் கை எரிந்தது. கம்பளிச் சட்டையின் கைவிளிம்பு பொசுங்கி நாறியது. கையை உதறத்தான் தோன்றியதே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. இளையவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து முழங்கை வரை வாளிக்குள் அமுக்கினாள். விடுதிக்காரர் தட்டோடு மணலைத் தரையில் கவிழ்த்தார். நெருப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாததால் அடுப்பு, பாட்டில், முட்டை அட்டை, தன் செருப்பு என்று எல்லாவற்றின் மேலும் கொட்டினார்.

இளையவள் பிடித்த கையை விடவில்லை. வாளியில் இருந்து எடுக்கப் பார்த்தபோதெல்லாம் "இருங்க, இன்னும் கொஞ்ச நேரம்" என்று திரும்ப அமுக்கினாள். கடைசியில் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். புறங்கை சிவந்திருந்தது. ஒரு விரலில் சின்னக் கொப்புளம். முடியெல்லாம் பொசுங்கிப் போயிருந்தது. அவ்வளவுதான்.

விடுதிக்காரர் களிம்பு தேடி உள்ளே ஓடினார். மூத்தவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

"நான் ஒரு கேள்வி கேட்பேன் தெரியுமா, எரிஞ்ச வீட்டுக்காரங்ககிட்ட" என்றாள். "இது நடக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நினைச்சிட்டிருந்தீங்கன்னு. ரிப்போர்ட்டுக்கு அது தேவையே இல்ல. எனக்குத்தான் தெரிஞ்சுக்கணும். எல்லாரும் ஒரே பதிலத்தான் சொல்வாங்க, ஒண்ணுமே நினைக்கலன்னு. நான் ஒருத்தரையும் நம்பினதில்ல. ஏதோ மறைக்கறாங்கன்னு நினைப்பேன்."

"இப்ப?"

"நிஜமாவே ஒண்ணும் நினைக்கல. மூடி போட்டா சீக்கிரம் கொதிக்குமான்னு பாக்கணும். மண்டைல அது ஒண்ணுதான் இருந்துச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு வந்த பிறகு கண்ணிலும் தண்ணீர் வந்தது. இளையவள் ஈரக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குத் திரும்பிடலாமாக்கா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"எதுக்கு? விறகுக் குச்சிய எரிச்சு இன்னும் பாக்கவே இல்லையே."

ஜெல் பாட்டிலை யாரும் அதற்குப் பிறகு தொடவில்லை. விடுதிக்காரர் களிம்போடு ஒரு காலிப் பால்பவுடர் டின்னும் கொண்டுவந்தார். ஆணியும் சுத்தியலும் அவருடையவை. அடிப்பக்கத்தில் சுற்றி ஓட்டை போட்டது இளையவள். எந்த உயரத்தில் எத்தனை ஓட்டை என்று கல்லில் உட்கார்ந்தபடி சொன்னது மூத்தவள். "கீழ காத்து இழுக்கணும், மேல போகணும். மாடிப்படி இருக்கற வீடெல்லாம் அப்படித்தான் எரியும்." டின்னில் விரல் நீளக் குச்சிகளை நட்டு, மெழுகு அட்டைத் துண்டு ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். முதலில் புகைந்தது. பிறகு காற்று பிடித்து உஸ்ஸென்று சத்தம் வந்தது. மூடி போட்ட குவளை தளதளவென்று கொதித்தது. விடுதிக்காரர் கைதட்டினார். அந்தத் தண்ணீரில் மூன்று பேருக்கும் தேநீர் போட்டார்கள். புகை வாசம் அடித்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் டின்னையும் மிஞ்சிய மெழுகு அட்டையையும் பையில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் மூத்தவளின் பார்வை தரையில்தான். கட்டுப்போட்ட கையை மடித்து வைத்துக்கொண்டு மறு கையால் குச்சி பொறுக்கினாள். ஒடித்தால் சடக்கென்று சத்தம் வந்தால் பையில் போடுவாள். வளைந்து கொடுத்தால் வீசுவாள். "அண்ணன் பார்த்தா என்ன சொல்வார்னு நினைச்சுப் பாருங்க" என்றாள் இளையவள். ஏறும் வழியில் ஒரு தடவை தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைத்தது. கணுக்கால்காரர்தான் கூப்பிட்டார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"குச்சி பொறுக்கறோம்" என்றாள் மூத்தவள்.

"எதுக்கு?"

"வந்து சொல்றேன். காலை ஆட்டாம வைங்க." கை சுட்டதைப் பற்றி மூச்சுவிடவில்லை. உன் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடாதே என்கிற கண்சாடையைப் புரிந்துகொண்டு இளையவளும் தலையாட்டினாள்.

கல் தங்குமிடத்தை அடையும்போது தூறல் பிடித்தது. டின்னை வாசல் கூரைக்கு அடியில் வைத்தார்கள். உள்ளே வைத்தால் புகை மூச்சை முட்டும் என்று மூத்தவள் விடவில்லை. இந்த முறை பற்றவைத்ததும் அவள்தான். தீக்குச்சியை உரசும்போது விரல் தயங்கியது. முதல் குச்சி காற்றில் அணைந்தது. அடுத்தது பிடித்தது. சூப் கொதித்தது. பாத்திரத்தின் அடிப்பக்கம் தார் பூசிய மாதிரி ஆனது. சாய்ந்து உட்கார்ந்து குடிக்கும்போது இளையவள் பல் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் மெல்லும் பழக்கத்தை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம் என்றாள். "நம்ம வீட்டு ஆளுங்க?" என்று மூத்தவள் கேட்டாள். அந்தப் பேச்சு இருட்டும்வரை போனது. இரண்டு கணவர்களின் பல்லும் அதில் தப்பவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் மழை எல்லாவற்றையும் நனைத்திருந்தது. மெழுகு அட்டை தீர்ந்துபோயிருந்தது. பொறுக்கிய குச்சியில் பாதி ஈரம். தேநீர் இல்லாமலே கிளம்பலாம் என்று இளையவள் பையைக் கட்டினாள். மூத்தவள் சரிவில் நின்ற ஒரு வெள்ளை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பட்டை காகிதம் மாதிரி சுருள் சுருளாக உரிந்து தொங்கியது. கீழே விழுந்து கிடந்த ஒரு சுருளை எடுத்துத் துடைத்தாள். ஈரமாகத்தான் இருந்தது. டின்னில் வைத்துக் கொளுத்தினாள்.

பிடித்தது. கறுப்புப் புகையோடு, எண்ணெயில் ஊறிய துணி போலப் படபடவென்று எரிந்தது. மேலே வைத்த ஈரக் குச்சிகள் சீறிச் சீறிக் கடைசியில் வழிக்கு வந்தன.

"மழையில நனைஞ்சது எப்படிக்கா எரியுது?"

"அதான் எனக்கும் புரியல" என்றாள் மூத்தவள். இன்னொரு சுருளைப் பொறுக்கி முகர்ந்தாள், நகத்தால் கீறினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இளையவளிடம் நீட்டினாள். அவளும் கீறிப் பார்த்தாள்.

"மெழுகு மாதிரி வழவழன்னு இருக்கு" என்றாள் இளையவள். "என்ன மரம்?"

"தெரியல. அந்தப் பக்கம் இறங்கினதும் யாரையாவது கேப்போம்."

தேநீர் குடித்து முடித்தார்கள். கனல் மிஞ்சாமல் ஈர மண்ணைப் போட்டு டின்னை அணைத்தார்கள். மூத்தவள் பட்டைச் சுருளைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மேகம் விலகிக் கணவாய் தெரிந்தது. இரண்டு பேரும் ஏறத் தொடங்கினார்கள்.