சோளக் குதிருக்குள் டெல்பர்ட்

செவ்வாய்க்கிழமை என்றால் பெல்டன் க்ரோவ் பள்ளிக்கூடத்தில் சில்லிக் குழம்பும் பட்டைத்தூள் தூவிய சுருள் ரொட்டியும்தான். அன்று காலை பத்தரை மணிக்கு முதல் தட்டு ரொட்டியை அடுப்புக்குள் தள்ளி மார்லிஸ் எக்காஃப் கதவைச் சாத்தினாள். அதே நேரத்தில் அவள் இடுப்பிலிருந்த பேஜர் கத்தியது. ரோவெடர் பண்ணை. சோளம் கொட்டிவைக்கும் தகரக் குதிருக்குள் ஆள் சிக்கியிருக்கிறார்.

மார்லிஸ் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கூடச் சமைக்கும் பெவ்விடம் திரும்பினாள்.

"பெவ், இருபது நிமிஷத்துல ரொட்டியை எடுத்துடு. பசங்க ரெண்டாவது கேட்டா குடு. மூணாவது கேட்டா முறைச்சுப் பாரு."

"யாரு மாட்டிக்கிட்டது?"

"டெல்பர்ட் பண்ணை. டெல்பர்ட்டாத்தான் இருக்கும். அங்க வேற யாரு இருக்கா?"

டெல்பர்ட் ரோவெடர் இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவராக இருந்தவர். மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த தேர்தலில், தன்னை எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள் என்று நம்பி வந்து உட்கார்ந்தார். மார்லிஸ் நின்றாள், அவருக்கு எட்டு ஓட்டு, அவளுக்குப் பத்து என்று ஜெயித்தும் விட்டாள். தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு போனவர் அதற்கப்புறம் படைக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காபிக் கடையில் மட்டும் அவர் வாய் ஓயவில்லை. "குழம்பு தீய்ஞ்சா அணைக்கத் தெரியும், குதிரு தீப்பிடிச்சா என்ன பண்ணுவாளாம்?" என்று கேட்டாராம். சேதி காதுக்கு வந்தபோது மார்லிஸ் சிரித்தாள். "அவருக்கு விஷயம் தெரியல. என் குழம்பு இதுவரைக்கும் தீய்ஞ்சதே இல்ல."

ஐந்து மைல் தூரம். பனி உருகிச் சேறாகிக் கிடந்த மண் ரோட்டில் தீயணைப்பு வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். பக்கத்தில் கெய்லன் உட்கார்ந்திருந்தான். தீவனக் கடை வைத்திருப்பவன், பதினைந்து வருஷமாகப் படையில் இருப்பவன்.

பண்ணை முற்றத்தில் டெல்பர்ட்டின் மனைவி ஆர்டிஸ், வீட்டுச் செருப்போடு சேற்றில் நின்றிருந்தாள். அவள் அழவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். காலையிலிருந்து டெல்பர்ட் குதிரிலிருந்து சோளத்தை லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். சோளத்தை வெளியே தள்ளும் திருகு இயந்திரம் ஓடியும் ஒன்றும் வரவில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்து மேல்பரப்பு கட்டி தட்டிப்போயிருந்தது. இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்தாமலே, தனியாக உள்ளே இறங்கிவிட்டார். காபிக்குக் கூப்பிட வந்த ஆர்டிஸ், அடைப்பு விட்டு லாரி நிரம்பி வழிவதைப் பார்த்தாள். ஆளைக் காணவில்லை. உடனே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள்.

"நிறுத்தினீங்களே, பாதி உயிரை நீங்களே காப்பாத்திட்டீங்க," என்றாள் மார்லிஸ். "உள்ளே யாரும் தனியாப் போகக் கூடாதுன்னு வருஷா வருஷம் எங்களுக்குப் பாடம் எடுத்தது அவருதான் ஆர்டிஸ்."

"ஊருக்குத்தான் உபதேசம்," என்றாள் ஆர்டிஸ்.

குதிரின் அந்தப் பக்கம் டிராக்டர் உறுமியது. ஆர்டிஸின் தம்பி ட்வெய்ன், தடித்த கயிற்றின் ஒரு முனையை டிராக்டரில் கட்டிவிட்டு மறு முனையோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான்.

"ட்வெய்ன், இறங்கு."

"அவரே உள்ளேருந்து கத்திச் சொல்றாரு மார்லிஸ்! கயிறு போட்டு இழுக்கச் சொல்றாரு!"

மார்லிஸ் டிராக்டரில் ஏறி அணைத்தாள். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். "மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு அங்கேயே நில்லு. கடவுளே வந்து கேட்டாலும் திறக்காத."

இடுப்பில் வார் கட்டிக்கொண்டு, வண்டியில் கொண்டுவந்த மீட்புத் தகடுகளோடு அவளும் கெய்லனும் மேல் வாசல் வழியாக உள்ளே இறங்கினார்கள். சுமை ஒரே இடத்தில் அழுந்தாதபடி சோளத்தின் மேல் பலகைகளைப் போட்டு அவற்றின் மேல் தவழ்ந்தார்கள். டெல்பர்ட் அக்குள் வரை புதைந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். எதிர்ச் சுவரில் கட்டி தட்டிய சோளம் ஓர் ஆளைவிட உயரமாக, மேலே விழவா என்று கேட்பதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு அது?"

"மார்லிஸ்."

"கெய்லன் எங்க? கெய்லன், கக்கத்துல கயிறப் போடு. நாலு பேரு சேர்ந்து இழுத்தா வந்துடுவேன்."

"இழுத்தா நீங்க பாதிதான் வருவீங்க," என்றாள் மார்லிஸ்.

"அந்தக் காலத்துல..."

"அந்தக் காலத்துல இப்படி இழுத்து எத்தனை பேரு போய்ச் சேர்ந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். இந்த மீட்புத் தகடு வாங்கினப்போ பயிற்சிக்கு எங்களை அனுப்பிட்டு நீங்க வரல. அதனால இப்போ பேசாம இருங்க."

"கெய்லன்! நான் சொல்றேன்ல!"

கெய்லனின் கை கயிற்றை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. பதினைந்து வருஷம் அந்தக் குரல் கேட்டதும் ஓடிப் பழகிய கை அது.

மார்லிஸ் சத்தம் போடவில்லை. முந்நூறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது எந்தக் குரலில் பேசுவாளோ, அதே குரல். "கெய்லன், என்னைப் பாரு. தகடு. முதல்ல எதிர்ச் சுவர்ப் பக்கம்." பிறகு டெல்பர்ட்டின் பக்கம் திரும்பினாள். "இங்க தலைவர் நான். நீங்க மாட்டிக்கிட்டவரு. மாட்டிக்கிட்டவரோட வேலை மூச்சு விடுறது மட்டும். அதையாவது ஒழுங்காப் பண்ணுங்க."

கெய்லன் தகட்டை நீட்டினான்.

ஆறு தகடுகள். ஒன்றோடொன்று கொக்கி மாட்டி, கிணற்றுக்கு உறை இறக்குவதுபோல் ஆளைச் சுற்றி இறக்க வேண்டும். சுற்றிலுமிருந்து நெருக்கும் சோளத்தை உறை தடுத்துவிட்டால் உள்ளே இருப்பதை அள்ளி வெளியே போடலாம். கேட்கச் சுலபம்தான். ஒவ்வொரு தகட்டையும் காலால் மிதித்து, ஆட்டி ஆட்டி, அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டியிருந்தது. குதிருக்குள் குளிர்தான், ஆனால் இருவருக்கும் வியர்வை கண்ணில் வழிந்தது.

வெளியே சேதி பரவி ஊர் வந்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தகரம் வெட்டும் ரம்பங்களோடு நின்றார்கள். மார்லிஸ் வாக்கி டாக்கியில் சொன்னாள். "குதிர்ச் சுவர்ல எதிரெதிராச் சின்னச் சின்ன ஓட்டை போடுங்க. ஒரே பக்கமா வெட்டினா குதிரு சாஞ்சுடும். நான் சொல்ற வரைக்கும் ரம்பத்தை வைக்காதீங்க."

நான்காவது தகடு பாதி இறங்கியபோது எதிர்ச் சுவர்க் கட்டி உடைந்தது. சத்தம் பெரிதாக இல்லை. பெருமூச்சு மாதிரிதான் இருந்தது. சோளம் முதல் தகட்டில் மோதி இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஆனாலும் டெல்பர்ட்டின் முகவாய் வரை ஏறிவிட்டது. மார்லிஸ் பலகையில் குப்புற விழுந்து, இரண்டு முழங்கைகளையும் அவர் முகத்தைச் சுற்றி வளைத்து அணை கட்டினாள். அவள் முதுகில் சோளம் கொட்டியது. இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான்.

"மார்லிஸ்," என்றார் அவர். குரலில் அதிகாரம் எதுவும் மிச்சமில்லை. "ஆர்டிஸ்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான்..."

"நீங்களே சொல்லுங்க. இன்னைக்குச் சாயங்காலமே."

"மூச்சு முட்டுது."

"முட்டும். சின்னச் சின்னதா இழுங்க. என்கூட இழுங்க. ஒண்ணு. ரெண்டு."

அவர் இழுத்தார். கண்களை அவள் முகத்திலிருந்து எடுக்கவேயில்லை. பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது, அதற்கடுத்தும் தெரிந்திருந்தது. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே அவள் போனாள். கெய்லன் ஐந்தாவதையும் ஆறாவதையும் தனியாளாக மிதித்து இறக்கினான். கடைசிக் கொக்கி மாட்டிய ஓசை கேட்டதும் அவள் ரம்பக்காரர்களுக்குச் சொன்னாள்: "இப்போ வெட்டுங்க."

அள்ளினார்கள். வாளியால், பிறகு கையால். தோள் தெரிந்தது, மார்பு தெரிந்தது, இடுப்பு தெரிந்தது. சுவரில் போட்ட ஓட்டைகள் வழியாகச் சோளம் மஞ்சள் அருவியாகக் கொட்ட, மட்டம் மெல்ல இறங்கியது. மத்தியானம் ஒரு மணிக்கு டெல்பர்ட் தகட்டின் படிகளைப் பிடித்துத் தன் கையாலேயே ஏறி வெளியே வந்தார், ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல். முற்றத்தில் யாரும் கைதட்டவில்லை. அந்த ஊர் ஆட்கள் அப்படித்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார்கள். தேவாலயத்துப் பெண்கள் பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டியும் காபியும் நீட்டினார்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது டெல்பர்ட் மார்லிஸைப் பார்த்தார். ட்வெய்னிடம் மட்டும், "சோளம் சேத்துல கிடக்கு. மழை வருதாம்," என்றார்.

"அதையெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க படுங்க," என்றான் ட்வெய்ன். இருட்டுவதற்குள் ஏழு பண்ணைகளின் வண்டிகள் வந்து, சிந்திய சோளத்தை அள்ளிக் காய்ந்த கொட்டகையில் சேர்த்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டன.

மார்லிஸ் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் திரும்பினாள். சாமான் அறைக்குள் போய் மாவுப் பீப்பாய் மேல் உட்கார்ந்தாள். பெவ் ஒரு சுருள் ரொட்டியை அவள் மடியில் வைத்தாள்.

"தீய்ஞ்சுதா?" என்றாள் மார்லிஸ்.

"ஓரம் கொஞ்சம்."

"வெளியே சொல்லிடாத. ஊர்ல என் பேரு கெட்டுடும்." இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மாலை படைக் கூட்டம். எல்லோரும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்த பிறகு கதவு திறந்தது. டெல்பர்ட் ஊன்றுகோலோடு வந்தார். முன் வரிசையில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் இடம் விட எழுந்தார்கள். அவர் கையசைத்து உட்காரச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார்.

மார்லிஸ் சேதிகளைப் படித்துக்கொண்டே போனாள். பழைய வண்டிக்கு டயர், அடுத்த பயிற்சி, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை படைக்கு நிதி திரட்ட அப்பம் சுட்டுப் போடும் காலை விருந்து. பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை.

"சொல்லுங்க டெல்பர்ட்."

அவர் எழுந்து நின்றார், அவசியமில்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தத் தகடு மாட்டுறதை நான் உள்ள இருந்துதான் பாத்தேன். வெளியில இருந்து பாத்ததில்ல. பயிற்சிக்கு என் பேரையும் எழுதிக்க."

"எழுதிக்கறேன்."

"அப்புறம்..." அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். "அன்னைக்கு நீ இல்லன்னா நான் இல்ல. அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார்.

மார்லிஸ் குனிந்து காகிதத்தைப் பார்த்தாள்.

"காலை விருந்துக்குச் சட்டி கழுவ ஆள் குறையுது," என்றாள் நிமிர்ந்து. "டெல்பர்ட், உங்க பேரை எழுதவா?"

"எனக்குக் கால் சரியில்லையேம்மா."

"கை நல்லாத்தானே இருக்கு?"

கெய்லன்தான் முதலில் சிரித்தான். பிறகு கொட்டகையே சிரித்தது. டெல்பர்ட் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுது, எழுது," என்றார்.