பிரமிளாவுக்கு ஆகாத மருந்து

"உன் பேரு என்ன கண்ணு?" என்று டாக்டர் சோபியா கேட்டதும், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பூவிழி அந்த நிலையிலும் தயங்காமல், "பிரமிளா. அப்பா பேரு வேணு. பதினாறாவது வட்டம்" என்றாள்.

சீட்டில் பூவிழி என்று எழுதியிருந்த நர்ஸ் வினோலியா நிமிர்ந்து பார்த்தாள். பூவிழியின் அம்மா சரிதா அவசரமாக முன்னால் வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். இனிமேல் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிக்கொடுக்கத்தான் மறந்துவிட்டாள்.

"அது அவ பெரியப்பா பொண்ணு பேருங்க. காய்ச்சல்ல ஒளறுது" என்றாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே பிள்ளையின் சட்டையைத் தூக்கினார். தொடுவதற்கு முன் பிள்ளையிடமே பேர் கேட்பது அவர் வழக்கம். அவருடைய வழக்கங்களைப் பற்றி மந்தாரக்குப்பத்தில் பேசாதவர்கள் இல்லை. சளி என்று போனால் சளி மருந்து எழுத மாட்டார். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். ஊசி போடச் சொன்னால் முறைப்பார். எடை போடாமல் எந்தப் பிள்ளையும் வெளியே போக முடியாது. பிள்ளை நன்றாக இருக்கும்போதும் ஒருமுறை கூட்டிவாருங்கள் என்று வேறு சொல்வார். நன்றாக இருக்கிற பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக இங்கே யார் வீட்டில் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்? பீஸ் கொடுத்துப் புத்திமதி வாங்குவதைவிட, கேட்டதும் ஊசி போடுகிற எதிர்வாடை டாக்டரே மேல் என்று போகிறவர்கள்தான் அதிகம். சரிதாவும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். ஆனால் காலையில் பிள்ளையின் விலா உள்ளே போய் உள்ளே போய் வந்ததைப் பார்த்தபோது கால் தானாக இங்கே வந்து நின்றது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். சிரிப்பு போய்விட்டது.

"நெஞ்சுல சளி கட்டிடுச்சும்மா. நிமோனியா. இதுக்கு ஊசி போட்டுத்தான் ஆகணும். முன்னாடி எந்த மருந்தாவது இவளுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

ஊசியே போடாத டாக்டர் ஊசி என்கிறார். சரிதா பிள்ளையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

நிலம் ஒன்று, அண்ணன் தம்பி இரண்டு பேர், கிடைத்த வேலை ஒன்று. சுரங்கத்துக்கு நிலம் போனபோது அந்த வேலை மூத்தவன் வேணுவுக்குப் போயிற்று. வேணு பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் உண்டு, உடம்புக்கு வந்தால் குடும்பத்துக்கே காசில்லாமல் கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி உண்டு. சரிதாவின் புருஷன், தம்பி மணிமாறன், அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது அவன் பாடு. இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள், ஒரே சாடை. அதனால் பூவிழிக்கு முடியாமல் போகும்போதெல்லாம் வேணுவின் மனைவி விருத்தாம்பாள் அவளைப் பிரமிளா என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மா போனால் கேள்வி வரும் என்பதால் சரிதா சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பாள். யாரும் கெஞ்சவில்லை, விருத்தாம்பாளே சொல்லிச் செய்தது. அந்த நல்ல மனசை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

போன வருஷம் மழைக்காலத்தில், ஊசி போட்டுத் திரும்பி வந்த பூவிழிக்குக் கண் இரண்டும் மூடிப்போய் உதடு தடித்துவிட்டது. விருத்தாம்பாள் திரும்ப உள்ளே ஓடினாள். பிள்ளை பிழைத்து வெளியே வந்தபோது, "ஏதோ மருந்து ஒத்துக்கலையாம். இனிமே அது போட்டா உசுருக்கே ஆபத்தாம்" என்றாள். என்ன மருந்துக்கா என்று சரிதா கேட்டாள். "தெரிஞ்சி நீ என்ன பண்ணப்போற? என்கிட்ட சொல்லியிருக்காங்க இல்ல" என்று முடித்துவிட்டாள். அடுத்த மாதமே வேணுவின் ஷிப்டில் ஒருவன், தங்கை மகனைத் தன் மகன் என்று காட்டி வைத்தியம் பார்த்ததற்காக சஸ்பெண்ட் ஆனான். அன்றோடு விருத்தாம்பாள் பூவிழியைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டாள். பேச்சும் குறைந்துவிட்டது.

"ஊசி வேணாங்க" என்றாள் சரிதா.

"எல்லாரும் ஊசி போடு ஊசி போடுன்னு உயிர எடுக்கிறீங்க. வேணும்னு நானே சொல்றப்ப வேணாங்கறீங்களா?"

"ஒருக்கா போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிடுச்சிங்க."

டாக்டரின் கை நின்றது. "எங்க போட்டது? என்ன மருந்து?"

எங்கே என்று சொன்னால் வேணுவின் வேலை போகும். சுரங்கக் கம்பெனியில் வேலை கொடுக்கிற, வேலையை விட்டுத் தூக்குகிற ஆபீசில்தான் டாக்டரின் வீட்டுக்காரர் ஜாஸ்பர் அதிகாரியாக இருந்தார். வாசல் பலகையில் அவர் பேரும் இருந்தது. சரிதா அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தாள்.

"தெரியாதுங்க. எங்க ஓரகத்திதான் கூட்டிகினு போனாங்க."

"அவங்களப் போய்க் கேட்டுட்டு வாங்க. மூச்சுக்கு இப்ப ஆக்சிஜன் வைக்கிறேன். பேர் தெரியாம கண்ண மூடிக்கிட்டு நான் ஊசி குத்த மாட்டேன். கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம், வழி தாங்குவாளான்னு என்னால சொல்ல முடியல. சீக்கிரம் போங்க."

மணிமாறன் சுரங்கத்துக்குள் இருந்தான். அங்கே ஆள் அனுப்பித் தகவல் சொல்வதற்குள் பொழுது போய்விடும். சரிதா ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

டவுன்ஷிப்பில் வேணுவின் குவார்ட்டர்ஸ் இருந்த பதினாறாவது வட்டத்தில் மழை விட்டிருந்தது. விருத்தாம்பாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். சரிதா சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை திரும்பவே இல்லை.

"எந்த ஊசி? நான் எப்ப உம் பொண்ண ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போனேன்?"

"அக்கா, கேக்கறதுக்கு இங்க ஆளு யாரும் இல்ல. பேர மட்டும் சொல்லு, நான் போயிடறேன்."

"போனதே இல்லன்னு சொல்றேன். அப்புறம் என்ன பேரு?"

"பிள்ள அங்க மூச்சுக்கு இழுத்துகினு கெடக்குதுக்கா."

விருத்தாம்பாள் ஈரத்துணியை வாளியில் வீசினாள். குரல் மட்டும் ஏறவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் திறந்திருந்தது.

"உம் பொண்ணு மூச்சப் பத்தி எங்கிட்ட சொல்ற. எம் பொண்ணு காதப் பத்தி நீ கேட்டியா? காதுல சீழ் வச்சி மாசக்கணக்காச்சி. நல்ல மருந்து ஒண்ணு இருக்காம். பழைய சீட்டப் பாத்துட்டு, இந்தப் பிள்ளைக்கு அது ஆகாதேம்மான்னு வேற எது எதையோ குடுக்கறாங்க. ஒண்ணும் கேக்கல. ஆகாதது எம் பொண்ணுக்கு இல்ல, வேற ஒருத்திக்குன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? சொன்னா நாளைக்கே வூட்ட காலி பண்ணணும். உம் பொண்ணு வியாதிய எம் பொண்ணு தலையில கட்டிட்டு, பேரு கேக்க வந்துட்ட."

சரிதாவுக்கு இது தெரியாது. கேட்டுக்கொண்டு நிற்க நேரமும் இல்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவள் காலில் விழலாம் என்று ஒரு நொடி தோன்றியது, குடுமியைப் பிடித்து உலுக்கலாம் என்று அடுத்த நொடி தோன்றியது.

வாசற்படியில் பிரமிளா முதுகைக் காட்டி உட்கார்ந்து சோழியை உருட்டிக்கொண்டிருந்தாள். "பிரமி" என்று சரிதா கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டதும் திரும்பி, "சித்தி" என்று சிரித்தாள். ஒரு காதில் பஞ்சு அடைத்திருந்தது.

சரிதா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தன் பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்ததுபோல இந்தப் பிள்ளைக்கும் ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஆஸ்பத்திரியில டாக்டர் மருந்து எழுதறப்ப நீ என்ன சொல்லுவ பாப்பா?"

பிரமிளா சித்தியின் வாயையே பார்த்தாள். புரிந்ததும், பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோல எழுந்து நின்று சொன்னாள்.

"எனக்கு பென்சிலின் ஆகாதுங்க."

விருத்தாம்பாள் வந்த வேகத்தில் பிள்ளையின் கன்னத்தில் அறைந்தாள். பஞ்சு தெறித்து விழுந்தது. பிரமிளா எதற்காக அடி வாங்கினோம் என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சரிதா அவளைத் தூக்கவில்லை. பென்சிலின், பென்சிலின் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஆட்டோவுக்கு ஓடினாள். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

டாக்டர் அந்தப் பேரைக் கேட்டதும் கண்ணை மூடித் திறந்தார். "நான் எடுத்து வச்ச ஊசியும் அந்தச் சாதிதான்" என்றார். வினோலியா தட்டில் இருந்ததை எடுத்துப் போய்விட்டு வேறு மருந்து கொண்டுவந்தாள். ஊசி இறங்கியது. பூவிழி அழுவதற்குக்கூட மூச்சு போதாமல் முகத்தை மட்டும் சுளித்தாள். சரிதா அவள் கண்ணையும் உதட்டையும் பார்த்தபடியே நின்றாள். வீங்கவில்லை. சாயங்காலத்துக்குள் விலா உள்ளே போவது குறைந்தது, பிள்ளை தண்ணீர் கேட்டாள்.

"இந்தப் பேரக்கூடத் தெரிஞ்சி வச்சிக்காம என்னம்மா அம்மா நீங்க?" என்றார் டாக்டர். கோபத்தில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. "ஒரே டாக்டர்கிட்ட வாங்கன்னு இதுக்குத்தான் தலையில அடிச்சிக்கறேன். பிள்ளையப் பத்தி எல்லாம் ஒரு இடத்துல தெரிஞ்சிருக்கணும். வேற ஏதாவது சொல்லணுமா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

சொல்ல இருந்தது. பதினாறாவது வட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அந்த மருந்து ஆகும், தாராளமாக ஆகும், இங்கே கூட்டிவந்தால் காது பிழைத்தாலும் பிழைக்கும். இந்த டாக்டர் யாரையும் காட்டிக்கொடுக்கிறவர் மாதிரியும் தெரியவில்லை. சரிதா வாயைத் திறந்தாள். வாசல் பலகையிலிருந்த பேர் கண்முன் வந்தது. அதைவிட, நாளைக்கு ஒருவேளை திரும்பவும் பிரமிளா என்று சொல்லிப் போக வேண்டி வந்தால், டவுன்ஷிப் சீட்டில் ஆகாது என்றே இருக்கட்டும் என்ற கணக்கும் கூடவே வந்தது. அந்த எண்ணத்தை அவளாலேயே சகிக்க முடியவில்லை.

"இல்லீங்க" என்றாள்.

டாக்டர் கட்டிலின் பக்கம் குனிந்தார். "இப்ப காய்ச்சல் கொறைஞ்சிருக்குல்ல. இப்ப சரியா சொல்லு பார்ப்போம். உன் பேரு என்ன?"

"பூ..." என்று சரிதா எடுத்துக்கொடுக்கப் போனாள்.

"நீங்க சும்மா இருங்க. அவளே சொல்லட்டும்."

பூவிழி டாக்டரைப் பார்க்கவில்லை. எந்தப் பேரைச் சொல்ல வேண்டும் என்று, அம்மாவின் மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.