பொருநையின் மேல்மூடி

தூரிகையின் நுனியில் வார்னிஷ் திரண்டு நிற்கிறது, கை நடுங்குவதால் அதுவும் நடுங்குகிறது, கீழே சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளின் மேல் பொருநை கிடக்கிறது, மேல்மூடி ஒட்டியாயிற்று, மூடிக்கும் உடம்புக்கும் நடுவே சுற்றிலும் மயிரிழை அளவுக்கு ஓர் இடுக்கு, அதில் இந்த வார்னிஷ் ஓடிவிட்டால் தீர்ந்தது, பிறகு பிரம்மாவே வந்தாலும் திறக்க முடியாது, மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசைவரை வந்துவிட்டது, நான் இன்னும் தூரிகையை இறக்கவில்லை. பொருநை என்றால் எங்கள் ஊர் ஆறு அல்ல, என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் காகிதத்தில் கட்டிய விண்கப்பல், எந்தக் கதையிலும் வராத கப்பல், ஆபீசில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்த காலமெல்லாம் கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில் தன் மனசிலிருந்து வரைந்து வரைந்து சேர்த்தது, ஓய்வு பெற்றதும் மகள் திலகா அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கெட்டி அட்டையில் பிரிண்ட் எடுத்து ஓசூரிலிருந்து அனுப்பினாள், மனுஷன் பிளேடும் பெவிகாலும் பல்குச்சியுமாக இந்த மேசையைப் பிடித்துக்கொண்டார், அன்றிலிருந்து நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

வெட்டின அட்டையின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் காகிதம் என்று காட்டிக்கொடுத்துவிடுமாம், அதனால் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஸ்கெட்ச் பேனாவால் சாம்பல் நிறம் பூசுவார், நகக்கண் அளவு நாற்காலிக்கும் பூசுவார், உள்ளே அடுக்குக் கட்டில், நீளமாக ஒரு நடைவழி, துணி காயப்போட நூலில் ஒரு கொடிகூட, இதையெல்லாம் மூடின பிறகு யாரு பாக்கப்போறா என்று கேட்டேன், உள்ள இருக்கவன் பாப்பாம்லா என்றார், அப்படின்னா சமையல்கட்டுக்கு ஜன்னல் எங்க என்றேன், ஆகாசத்துல ஜன்னலத் திறந்தா எல்லாரும் செத்துல்லா போவாவ என்றார், திறக்க வேண்டாம், வெளிய பாத்துக்கிட்டாவது வெங்காயம் உரிக்கலாம்லா, ஆம்பள கட்டுன வீடுன்னு பாத்ததுமே தெரியுது என்றேன், மறுநாள் ஒட்டியிருந்த சுவரைப் பிய்த்தெடுத்து ஜன்னல் வெட்டிக்கொண்டிருக்கிறார், கண்ணாடிக்குப் பதில் மருந்து அட்டையின் பிளாஸ்டிக், எந்த மருந்து என்று அப்போது நான் பார்க்கவில்லை, நெஞ்சுவலிக்குத் தானாகவே வாங்கித் தின்றுகொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

நெஞ்சு ஆபரேஷனுக்குப் போகிற அன்று காலையில் பாக்கியிருந்தது இந்த மேல்மூடி மட்டும்தான், பெவிகால் டப்பாவைத் திறந்துவிட்டார், மூடிருவோம், பாக்கி வைக்காமப் போவோம் என்றார். எங்கள் பக்கம் வாசல்படி இறங்குகிற யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள், போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வார்கள், வாய் தவறி ஒருவன் போறேன் என்றுவிட்டால் தெருமுனையிலிருந்து கூப்பிட்டு வந்து சரியாகச் சொல்லவைத்து அனுப்புவோம், அப்படியிருக்க இந்த மனுஷன் பாக்கியே இல்லாமல் கிளம்புகிறேன் என்கிறார், மூடியைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன், வந்து மூடுங்க, பாக்கி இருந்தாத்தான் வருவீங்க என்றேன், சிரித்தார், கோட்டி பிடிச்சவளே என்றார், வாசலில் நின்று போயிட்டு வாரேன் என்று சத்தமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்தே தூங்கிவிட்டேன் போல, சாம்பல் ஓரம் பூசின நடைவழியில் நடக்கிறேன், தலைக்குமேல் கூரை இல்லை, ஏங்க ஏங்க என்று கூப்பிடுகிறேன், அடுக்குக் கட்டில்கள் எல்லாம் காலி, கொடியில் அவர் சட்டை மட்டும் தொங்குகிறது, கோமதிநாயகம் கூட வந்தவங்க யாரு என்று ஒரு பெண் குரல், நான்தான் நான்தான் என்று அந்த நடைவழியிலேயே ஓடுகிறேன், ஓடி முடித்தபோது நர்ஸ் முன்னால் நின்றேன், நல்லா இருக்காரும்மா என்றாள்.

ஆக, திறந்து கிடந்த கப்பல்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது என்று நான் நம்பிவிட்டேன், யார் என்ன சொன்னாலும் நம்பினேன், இப்போதும் பாதி நம்புகிறேன். தையல் பிரித்ததும் மூடியைக் கேட்டார், உடம்பு தேறட்டும் என்றேன், தேறினதும் கேட்டார், மழைக்காலத்துல வார்னிஷ் அடிச்சா வெள்ளை பூத்துரும்னு நீங்கதான சொன்னீங்க என்று அவர் பாடத்தை அவருக்கே படித்தேன், மழை போய்ப் பங்குனி வெயில் வந்தது, நாள் நல்லா இல்லை என்றேன், இதற்குள் கார்த்திகை ஈரம் உள்ளே இறங்கி நடைவழி அப்பளமாக வளைந்துவிட்டது, அடுக்குக் கட்டிலை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது, அவரையும் நான் விடவில்லை, பஸ் ஏறக்கூடாது, மாடிப்படி கூடாது, கல்யாண வீட்டுக்குப் போனால் கண்டதையும் தின்பார், அதுவும் கூடாது. இன்று காலையில் தென்காசிக்குப் போகவேண்டும் என்று நின்றார், கூட வேலை பார்த்த உலகநாதன் அங்கே இருக்கிறார், சாரல் விழுகிறதாம், ஒத்தையில எப்படிப் போவீங்க, நானும் வாரேன் என்றேன், வேண்டாம், நீ வந்தா அங்கயும் இந்த வீடுதான் என்றார், எனக்குச் சுருக்கென்றது, உங்களக் காப்பாத்துதது தப்பா என்று கத்தினேன், அவர் கத்தவில்லை, மேசையைக் காட்டினார், அதக் காப்பாத்தினியா நீ, ஈரத்துல ஊறல்லா போட்டிருக்க, என்னையும் அப்படித்தான் வச்சிருக்க என்றார், பையை எடுத்தார், செருப்பை மாட்டினார், படியில் நின்று என் முகத்தைப் பார்த்து, தெரிந்தேதான் சொன்னார், போறேன்.

ஏங்க, சரியாச் சொல்லிட்டுப் போங்க என்று தெருவரை ஓடினேன், ஆட்டோ போய்விட்டது. போற மனுஷன் பேச்சைப் பாரு, நாக்குல சனி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், அடுப்பைப் பற்றவைக்காமல் மேசையின் முன்னால் உட்கார்ந்தேன், எதிரே அவர் இத்தனை நாள் குனிந்து குனிந்து செய்தது வளைந்து நைந்து கிடக்கிறது, இன்னொரு மழைக்குத் தாங்காது, இதைக் கெடுத்தது மழையா என்ன, நான்தான், மூடினால் அவர் போய்விடுவாரோ என்று பயம், மூடாவிட்டால் அவர் செய்தது போய்விடும், இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது, எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தேன். சேலைக்கடியில் இருந்த மூடி வெட்டின அன்றுபோல விறைப்பாக இருக்கிறது, கப்பலின் உடம்புதான் உப்பிவிட்டது, பொருந்த மாட்டேன் என்கிறது, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன், பல்குச்சியில் பெவிகால் தொட்டு விரல்கடை விரல்கடையாக ஒட்டி, பிடிக்கும்வரை அமுக்கிக்கொண்டிருந்தேன், அப்படித்தான் அவர் செய்வார், கடைசி ஓரம் அமுங்குவதற்குமுன் ஒருதரம் உள்ளே பார்த்தேன், சமையல்கட்டு ஜன்னல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வார்னிஷ் டப்பா, தூரிகை, இதோ, இறக்கிவிட்டேன், இடுக்கைக் குடித்துக்கொண்டு ஓடுகிறது, வாலிலிருந்து மூக்குவரை, மூக்கிலிருந்து வால்வரை, கை தானாகப் போகிறது.

போன் அடித்தது அவர்தான், வந்து சேந்துட்டேன், சாப்பிட்டாச்சு, நீ என்ன பண்ணுத என்றார், கப்பல மூடிட்டேன் என்றேன், அந்தப் பக்கம் உலகநாதன் யாரிடமோ காப்பி சொல்வது கேட்டது, பிறகு இவர், நான் இல்லாமலயா என்றார், ஆமா, நீங்க இல்லாமத்தான் என்றேன், கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் கை வைக்கவேண்டிய கடைசி வேலை அல்லவா, நியாயமான கோபம்தான், அவர் கேட்டது வேறு, ஏட்டி, கை நடுங்குச்சா. மொதல்ல நடுங்குச்சு, பொறவு நின்னுட்டு என்றேன். வெயில்ல வைக்காத, நிழல்லயே காயட்டும் என்றார், சரி, போனை வைக்கேன் என்றார், எப்போது வருவீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, வாரேன் என்று ஒருதரம் சொல்லிவிட்டு வையுங்கள் என்று கெஞ்சவும் வந்தது, கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, வைத்துவிட்டார். மேசையை ஜன்னலைவிட்டுத் தள்ளி நிழலுக்கு இழுத்தேன், ஒரே உடம்பாக மினுங்குகிறது, இடுக்கு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை, தூரிகையைக் கழுவ மறந்துபோய் அதன் நுனி கல்லாக இறுகிவிட்டது, அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.