களிமண் அறைக்கு வந்த அண்ணன்

மியூசியத்துல ஞாயித்துக்கிழமை குடும்ப வகுப்பு என்னோடது. களிமண். அப்பா, அம்மா, பிள்ளைங்க எல்லாரும் ஒரே மேஜையில உக்காந்து செய்யணும். மண்ணுக்குள்ள காத்து இருந்தா சூளையில வெடிச்சிடும், அதனால முதல்ல மரக்கட்டையால நல்லா அடிச்சுத் துவைச்சு எடுக்கணும். யார் மேல கோபமோ அவங்களை நெனச்சு அடிங்கன்னு சொல்லுவேன். அப்பாக்கள்தான் அதிகமா சிரிப்பாங்க.

அண்ணியும் மகளைக் கூட்டிட்டு வருவாங்க. என் அண்ணன்கிட்ட அடி தாங்க முடியாம வெளிய வந்தவங்க. குழந்தை அம்மாகிட்டதான் இருக்கணும்னு கோர்ட்டு சொல்லியாச்சு. தூக்கிட்டுப் போயே தீருவேன்னு இவன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். முன்கூட்டியே பேர் கொடுக்காம யாரும் உள்ள வர முடியாத இடமாச்சே, அந்த தைரியத்துலதான் இங்க வரச் சொன்னேன்.

எங்க காவலாளி தங்கமான மனுஷன், வினையே அதுதான். டீச்சரோட அண்ணனைப் போய் வரிசையில நிக்க வைக்கலாமான்னு, நாங்க மட்டும் போற பின்கதவைத் திறந்து, மரியாதையா கூட்டிட்டு வந்து விட்டிருக்கார்.

வந்தவன் நேரா அண்ணிகிட்டப் போனான். அண்ணி முடியைக் கொத்தாப் பிடிச்சு, மேஜை விளிம்புல முகத்தை மோதினான். பல்லு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. களிமண்ணெல்லாம் ரத்தம். வந்திருந்த குடும்பமெல்லாம் சுவரோட ஒட்டிக்கிச்சு. ஒரு ஆம்பளை அசையலை, பாவிங்க. இவன் குழந்தை கையைப் பிடிச்சுத் தரதரன்னு வாசலுக்கு இழுத்தான்.

என் கையில கட்டை இருந்துச்சு. எங்க வீட்டுக் கோபம் எனக்கும் உண்டு, பொய் சொல்லக்கூடாது. மணிக்கட்டுலயே போட்டேன் ஒண்ணு. எலும்பு முறிஞ்சு பிடி விட்டுப்போச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. தோள்ல போட்டேன், விலாவுல போட்டேன், கீழ விழுந்தப்புறம் முட்டியிலயும் போட்டேன். அடிக்க அடிக்க எனக்கு நல்லா இருந்துச்சு.

"போதும், செத்துடப் போறான்"னு அண்ணிதான் வாயெல்லாம் ரத்தமா வந்து என் கையைப் பிடிச்சாங்க.

போலீஸ் வர்ற வரைக்கும் காவலாளி அவனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு மூச்சு இரைச்சுது. குழந்தை பிழைச்சுதேன்னு அழுகையே வந்துடுச்சு. வாடா தங்கம், அத்தைகிட்ட வா, இனிமே உன்னை யாரும் தொட மாட்டாங்கன்னு கையை நீட்டினேன்.

அவ மேஜைக்கடியில போய்ச் சுருண்டுக்கிட்டா. ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டா.

"அத்தை, நான் ஒண்ணும் பண்ணலை"ன்னா.