சட்டை மடிக்கும் காட்சி

“கண்ணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் கருப்பு வை பாப்பா. இப்படியே இருந்தா, நாளைக்கே எழுந்து கடைக்குப் போயிடுவேன்னு நெனச்சுக்குவார்.”

மகள் விரல் நுனியில் மையைத் தொட்டு அம்மாவின் கண்ணுக்குக் கீழே மெல்லத் தேய்த்தாள். வெளியே அவள் பல் டாக்டர். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. இந்த வீட்டுக்குள் மட்டும் இன்னும் பாப்பா.

சாகக் கிடக்கிறவள், சாகக் கிடப்பது போலத் தெரிய வேண்டும் என்று வேஷம் போட்டுக்கொள்வதை வேறு எந்த வீட்டிலும் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் காய்ச்சலின் தயவில் அன்று காலையிலிருந்து அம்மாவின் கன்னத்தில் ஒரு சிவப்பு. அது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“அழணும்னுதானே அவ்வளவு தூரம் வர்றார். வந்த மனுஷனை வெறுங்கையோட அனுப்ப முடியுமா?”

வரப்போகிறவர் இயக்குநர். அம்மா மேடை நடிகை. அவள் பேர் வாங்கியது அவருடைய நாடகத்தில், அதுவும் வசனமே இல்லாத ஒரு காட்சியில். குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடிக்கிறாள். முதலில் பெரியவர்களின் துணி, பிறகு சின்னச் சட்டைகள். கடைசிச் சட்டையை எடுத்து மோந்து பார்க்கிறாள். தோள் குலுங்குகிறது. விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் ஊர் ஊராக ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அந்தக் காட்சிக்கு ஒரு கதையும் உண்டு. அதை இயக்குநர் சொல்லாத மேடையில்லை, சொல்லாத பேட்டியில்லை. முதல் நாள் அரங்கேற்றத்தில் அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால், “உன் குழந்தைக்கு வலிப்பு வந்திருக்காம், வீட்டுலேருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான்” என்று அம்மாவிடம் சொன்னாராம். பச்சைப் பொய். ஆனால் அம்மா அதை நம்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையேறி, அப்படி அழுதாளாம். ‘துன்பத்தில் வேகாமல் கலை பழுக்காது. நான் அவளை வேக வைத்தேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்’ என்று முடிப்பார். பாவத்தைச் சொல்கிறாரா, பதக்கத்தைக் காட்டுகிறாரா என்று கேட்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

அந்தக் குழந்தை பாப்பாதான். பள்ளிக்கூட நாளில் அந்தப் பேட்டியை முதன்முதலாகப் படித்தாள். அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு முள் தைத்துக் கிடந்தது. பிள்ளைக்கு வலிப்பு என்று கேட்ட பிறகும் ஒருத்தி வீட்டுக்கு ஓடாமல் எப்படி மேடைக்குப் போனாள்? “உன்னாலதாம்மா அந்தக் காட்சி” என்று யாராவது கன்னத்தைத் தட்டினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான்.

பகல் சாய்வதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். கைத்தடி முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். கூடவே ஒரு இளம்பெண், அவருடைய சால்வையையும் மருந்துப் பையையும் சுமந்துகொண்டு. நாடகத்தை மறுபடி போடப் போகிறார்களாம். அம்மாவின் வேஷம் இனி அவளுக்கு.

கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்ததும் இயக்குநரின் தாடை நடுங்கியது.

“நான் பாவிம்மா. பெத்த வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டினவன்.”

அம்மா கண்ணை மெல்லத் திறந்தாள். கையை அவர் பக்கம் நகர்த்தப் பார்த்து, முடியாமல், பாதியிலேயே போட்டுவிட்டாள். சற்று முன்புதான் அதே கையால் போர்வையை உதறி ஒழுங்காக விரித்தவள்.

“ஆனா ஒண்ணு. அந்த நெருப்பு இல்லேன்னா அந்தக் காட்சி ஏது? நீயே சொல்லு.”

“ஏது சார்?” என்றாள் அம்மா, காற்றைப் போன்ற குரலில்.

அவளுடைய ஒரு கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு புறப்பட்டு, அவசரப்படாமல், கன்னத்தில் இறங்கியது. அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணிலிருந்து மட்டும். இயக்குநர் முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். வாசற்படியில் நின்றிருந்த பாப்பாவுக்குக் கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தன. பாதி உயிர் போன பிறகும் இந்தப் பொம்பளைக்கு எங்கிருந்து வருகிறது இது!

அம்மா அந்த இளம்பெண்ணைப் பார்த்து, “உனக்குப் பிள்ளை இருக்காம்மா?” என்றாள்.

“பையன். ரெண்டு வயசு. அக்கா வீட்டுல, ஊர்ல இருக்கான்.”

“நான்தான் அனுப்பச் சொன்னேன்” என்றார் இயக்குநர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நாடகம் மேடையேறுற வரைக்கும் பார்க்கக் கூடாது, போன்ல குரல்கூடக் கேக்கக் கூடாது. ஏங்கணும். வயிறு எரியணும். அப்பத்தான் அது வரும்.”

பெண் சால்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அம்மாவின் பார்வை அந்தக் கைகளை விட்டு நகரவில்லை.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“போயிட்டாரா? கொஞ்சம் தண்ணி குடு. தொண்டை வறண்டுபோச்சு. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நல்லா அழறார்.”

பாப்பா தண்ணீரை ஸ்பூனால் ஊட்டினாள். அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று தலையை அசைத்தாள்.

“அன்னைக்கு நீ எங்க இருந்தே தெரியுமா?”

“வீட்டுல. வேற எங்க?”

“பெட்டிக்குள்ள.”

“எந்தப் பெட்டி?”

“துணிப்பெட்டி. நாடகத்துச் சாமானெல்லாம் வைக்கிற பெரிய பெட்டி. உங்கப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்டு. பார்த்துக்குற பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்னைக்குன்னு பார்த்துத் தலைவலி. தியேட்டருக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா அவர் வேஷத்தைப் பிடுங்கிடுவார். அதுக்கு முன்னாடி ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார். அதனால உன்னைப் பெட்டிக்குள்ள படுக்க வெச்சு, மூடிக்கு நடுவுல என் செருப்பைச் செருகி வெச்சேன். காத்து வரணுமில்ல? அவர் வந்து வலிப்புங்குறார். ஒரு நொடி பகீர்னுச்சு. திரும்பிப் பார்த்தா, இடுக்குல நீ வாயைப் பொளந்துட்டுத் தூங்குறே.”

பாப்பாவின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது.

“அப்புறம் எப்படிம்மா அழுதே?”

“எங்கே அழுதேன்? மூணு மாசமா வீட்டுத் துணியெல்லாம் மடிச்சு மடிச்சுப் பழகி வெச்சிருந்தேன். அழுகை வந்தா சரி, வராட்டியும் சரி, கை அதுபாட்டுக்கு மடிக்கும். கடைசிச் சட்டையை எடுத்து மூக்குகிட்ட கொண்டுபோறேன், ஈரம்! அந்தச் சட்டைங்க மேலதான் நீ படுத்திருந்தே, மேடைக்கு வரும்போதுதான் உனக்கு அடியிலேருந்து உருவிட்டு வந்தேன். மூத்திரம் போயிட்டே. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. அடக்குறேன், அடக்குறேன், தோளு குலுங்குது. உடம்புக்கு என்ன தெரியும்? சிரிப்பை அடக்கினாலும் அப்படித்தான் குலுங்கும், அழுகையை அடக்கினாலும் அப்படித்தான்.”

மூச்சு வாங்கியது. சற்று நிறுத்திப் பிறகு சொன்னாள்.

“அந்த வாடையில எனக்கு அவ்வளவு சந்தோஷம் பாப்பா. நீ அங்கேயே இருக்கே, பத்தடி தள்ளி. சட்டென்னு, இவளுக்கு இது இல்லாமப் போச்சேன்னு தோணுச்சு. நான் வேஷம் போட்ட அந்தத் தாய்க்கு. அவளைப் பார்த்து எனக்குப் பாவமா இருந்துச்சு. கையில இருக்கிறவளுக்குத்தானே தெரியும், போனா என்ன போகும்னு. அன்னைக்கு உடம்பு கத்துக்கிட்டதை அப்புறம் மறக்கவே இல்ல. நீ வளந்து பெட்டியில அடங்காமப் போன பிறகும்.”

அம்மா சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவே இல்லையே. யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுவே. உனக்கு அந்தக் கதை அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன்.”

“எனக்கு வலிப்புன்னு நம்பி, நம்பினதுக்கு அப்புறமும் நீ மேடைக்குப் போனேன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அம்மா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

“நீயுமா நம்பினே?” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததை மகள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அம்மாவின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. மூக்கு ஒழுகியது. தொண்டையிலிருந்து அடைத்துக்கொண்ட குழாய் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கண்மை கரைந்து காதுவரை ஓடியது. இந்த அழுகைக்கு எந்த ஊரிலும் ஒரு டிக்கெட்கூட விற்காது. வலியில் ஒருவர் முகம் எவ்வளவு அவலட்சணமாகும் என்பது தினம் நான்கு பேருக்குப் பல் பிடுங்குகிறவளுக்குத் தெரியும். ஆனால் இந்த முகத்தை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

“இத்தனை வருஷமும் அதை மனசுல வெச்சிட்டா எனக்குச் சோறு ஊட்டினே?”

“விடும்மா.”

“விட்டுட்டுப் போவேனா பாப்பா நான்?”

“இல்லம்மா. இப்பத் தெரிஞ்சிடுச்சு.”

சத்தம் அடங்க நேரமானது. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டதும் அம்மா கேட்டாள்:

“இது நல்லாவே இல்லல்ல?”

“கேவலமா இருந்துச்சு” என்றாள் மகள். இருவரும் சிரித்தார்கள். எத்தனையோ வருஷத்து முள், வலிக்காமலே கழன்று விழுந்திருந்தது.

“அவர்கிட்ட சொல்லிடாதே. அன்னைக்கு நாடகம் முடிஞ்சதும் என் காலடியில உக்காந்து அழுதார். அழுற மனுஷன்கிட்ட, உங்க சாட்டை என் மேல படவே இல்ல சார்னு எப்படிச் சொல்றது? அவருக்கு இருக்கிறது அந்த ஒரு பெருமைதான்.”

“அப்போ அந்தப் பொண்ணு?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். யோசிக்கிறாள் என்றுதான் மகள் நினைத்தாள். பார்த்தால் தூங்கியிருந்தாள். அந்தத் தூக்கத்திலேயே, தெருவிளக்கு எரியத் தொடங்கும் வேளையில், மூச்சு சின்னதாகிச் சின்னதாகி நின்றுபோனது. மகள் நாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியை எடுத்துவந்து அந்தக் கருப்பைத் துடைத்தாள். கொஞ்சம் வந்தது. கொஞ்சம் துடைக்கத் துடைக்க வரவில்லை. அது தான் பூசியதில்லை என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் அம்மாவை நாடக அரங்கின் முன்கூடத்தில் வைத்தார்கள். உட்கார இடமில்லாமல் கூட்டம் சுவரோரமெல்லாம் நின்றது. இயக்குநரை நாற்காலியோடு தூக்கிவந்து மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் மகளும், அவளுக்குப் பக்கத்தில் அந்த இளம்பெண்ணும். பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன. அணைத்து வைத்த போன் மடியில் கிடந்தது.

“நான் ஒரு பொய் சொன்னேன்” என்று இயக்குநர் தொடங்கினார். கூட்டத்தில் பாதிப்பேருக்கு அடுத்த வரி தெரியும்.

மகளுக்குள் ஒரு தராசு ஆடியது. எழுந்து இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். கிழவரின் கதை இங்கேயே பொடியாகிவிடும். நேற்று இந்நேரம் இது தெரிந்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பாள். இன்று அவருடைய நடுங்கும் தாடையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காக, எங்கோ ஒரு ஊரில் அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு வயதுப் பையனை அப்படியே விட்டுவிட முடியுமா? அவனும் ஒருநாள் பேட்டி படிப்பானே.

அவள் பெண்ணின் பக்கம் சாய்ந்து, உதட்டை அதிகம் அசைக்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“நான் அன்னைக்கு வீட்டுல இல்ல. மேடைக்குப் பின்னாடி துணிப்பெட்டிக்குள்ள தூங்கிட்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரியும்.”

பெண் திரும்பிப் பார்த்தாள். “அப்போ... அந்த அழுகை?”

“நான் சட்டையை நனைச்சு வெச்சிருந்தேன். அவங்க சிரிப்பை அடக்கிட்டிருந்தாங்க. பிள்ளை பக்கத்துல இருந்ததாலதான் அது வந்துச்சுன்னு நேத்து என்கிட்ட சொன்னாங்க. அவருக்குத் தெரிய வேண்டாம். உனக்குத் தெரியட்டும்.”

பெண் கொஞ்ச நேரம் எதிரே படுத்திருந்த அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. குனிந்த தலையோடு அவள் வாசலை நோக்கி ஓடினாள்.

இயக்குநர் பேச்சை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம்.

“பார்த்தீங்களா? யாரும் தடுக்காதீங்க. அழட்டும். அந்தத் துன்பம்தான் நாளைக்கு மேடையில நிக்கும்.”

கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகள் கண்ணாடிக் கதவின் வழியே பார்த்தாள். வெளியே, வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்களுக்குப் பின்னால் அந்தப் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்ப வைத்து, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.