மூடிய கேட்டுக்கு ஓர் எண்

முப்பத்தோரு வருடம் பதினெட்டாம் நம்பர் ரயில்வே கேட்டைத் திறந்து மூடியவளை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாரிக்காரருக்கும் கேட்டம்மா, கல்யாண வேனில் போகிறவர்களுக்கும் கேட்டம்மா. லீவு கேட்டால் மாற்று ஆள் இல்லை என்பார்கள். உலகமே அவள் முன்னால் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்க, அவள் பச்சைக் கொடியைப் பிடித்தபடி நின்றாள். ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டேஷனுக்கு போன் போட்டு, "வண்டி தாண்டியாச்சு" என்பாள். ஸ்டேஷன் மாஸ்டர் ஓர் எண் சொல்வார். அதைத் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதிய பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். எண் இல்லாமல் மந்திரியே வந்து நின்றாலும் திறக்க மாட்டாள்.

ஓய்வு பெற்றதும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் அவளை வரவழைத்தாள். வந்த பத்தாம் நாளே கேட்டம்மா சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தக் கடல்லேர்ந்து அந்தக் கடலுக்கு நடக்கப் போறேன். தனியா" என்றாள். மருமகனுக்குக் காபி புரையேறிவிட்டது. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மகள், நான்காம் நாள் வாயைத் திறந்தாள்.

"தினமும் ஆறு மணிக்குள்ள தங்குற இடத்துக்குப் போய் எனக்கு போன் பண்ணணும். ஒரு நாள் தப்பினாலும் காரை எடுத்துட்டு வந்துடுவேன். அத்தோட நடை முடிஞ்சுது. சம்மதமா?"

"எங்க ஸ்டேஷன் மாஸ்டரே உன்கிட்ட பிச்சை வாங்கணும்டி" என்றாள் அம்மா. ஆனால் சம்மதித்தாள்.

பதினாறு நாள் வாக்குத் தவறவில்லை. மருமகனின் தொப்பி தலையில், முழங்காலில் பட்டை, முதுகில் நீலப் பை. பாஷை ஒரு வார்த்தை தெரியாது. அதனால் பேச்சு குறைந்துவிடவில்லை. ரொட்டிக் கடைக்காரியிடம் தமிழில் குதிகால் கொப்புளத்தைப் பற்றிச் சொல்வாள், அவள் தன் பாஷையில் யாரையோ திட்டித் தீர்ப்பாள், இருவருக்கும் மனசு லேசாகும். கடலுக்கு இன்னும் நான்கே நாள்.

பதினேழாம் நாள் மாலை நான்கு மணிக்கு, வயல்களுக்கு நடுவே அந்தக் கேட் வந்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடி, சாலையை மறித்து இறங்கியிருந்தது. தண்டவாளம் முழுக்கத் துரு. கட்டைகளுக்கு நடுவே முழங்கால் உயரப் புல். ரயில் ஓடும் தண்டவாளம் பளபளக்கும் என்று அவளுக்கா தெரியாது? பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கால் நகர மறுத்தது.

தன்னைத் தானே கேலி செய்துகொண்டு, தடியின் ஓரமாகச் சுற்றிப் போய்விடலாம் என்று பார்த்தாள். ஓரம் வரை போனவள் திரும்பி வந்துவிட்டாள். ஒரு பெரியவர் நாயோடு வந்து சர்வசாதாரணமாகக் குனிந்து நுழைந்தார்.

"யோவ்! கேட் போட்டிருக்கில்ல, கண்ணு தெரியல?" என்று பழக்க தோஷத்தில் கத்திவிட்டாள்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். பிறகு துருவைக் காட்டி, கையை விரித்து, சிரித்துக்கொண்டே போனார். நாய் மட்டும் அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஓடியது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் கத்தியும் கேட்காமல் ஒருவன் குனிந்து நுழைந்திருந்தான். புதுச் செருப்பு. வண்டி போன பிறகு ஒற்றைச் செருப்பை அவள்தான் எடுத்து வைத்தாள். அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

மணி நாலே முக்கால் தாண்டிவிட்டது. தங்குமிடம் இன்னும் நான்கு கிலோமீட்டர், சுற்றுப்பாதை என்றால் பன்னிரண்டு. போனை எடுத்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டியா?"

"இல்ல கண்ணு. கேட் போட்டிருக்கு."

"வண்டி வருதா?"

"வராது. வந்து பல வருஷம் இருக்கும். புல்லு மண்டிக் கிடக்கு."

"அப்புறம் என்ன?"

"போட்டிருக்கே."

அந்தப் பக்கம் கார் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. கேட்டம்மாவுக்கு அழுகை முட்டியது. பதினாறு நாள் நடந்த கால், ஒரு தடிக்குத் தோற்றுவிட்டது.

"வந்து கூட்டிட்டுப் போடி. என்னால குனிஞ்சு போக முடியல. ஒரு தடவை ஒருத்தன்..."

"தெரியும்மா. அந்தச் செருப்பு. நான் அப்போ கேட் ரூமுக்குள்ள உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிட்டிருந்தேன்."

மகள் தொண்டையைச் செருமினாள். வந்த குரல் வேறு குரல், கறாரான குரல்.

"கேட் நம்பர் பதினெட்டு?"

கேட்டம்மா சட்டென்று நிமிர்ந்து நின்றாள். "பதினெட்டு. கேட்கீப்பர் பேசறேன்."

"லைன்ல வண்டி எதுவும் இல்ல. கேட்டைத் திறக்கலாம். எண் நாற்பத்தேழு."

"நாற்பத்தேழு."

"சரியாத் திருப்பிச் சொல்லுங்க."

"நாலு, ஏழு. நாற்பத்தேழு." பையிலிருந்து நோட்டை எடுத்து எண்ணை எழுதினாள், பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள்: நாலு ஐம்பத்திரண்டு. ஏழு கோணலாக விழுந்தது. சாவியை மேஜைமேல் வைக்கும் சத்தம் போனில் கேட்டது.

வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடியும் வலது பக்கம் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். புல்லை மிதித்து, துருவைத் தாண்டி, எதிர்ப்பக்கத் தடிக்கும் குனிந்து வெளியே வந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றது ஸ்டேஷன். குரலில் கறார் போய்விட்டிருந்தது.

முப்பத்தோரு வருடம் வண்டிகளுக்குச் சொன்னதை அவள் முதல்முறையாகத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"கேட்டம்மா தாண்டியாச்சு."